போதக ஊழியத்துக்கு அழைப்பு உண்டா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சுருக்கிக்கொள்கிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் பதில் பயன்படும். நீங்கள் பாறசாலைக்கு அருகே ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவர். பி.காம். முடித்துத் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறீர்கள். கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டங்களின் கடைசி இரவில், முழுநேர ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்று செய்தியாளர் அழைத்தபோது எழுந்து நின்றீர்கள். அன்றிலிருந்து அதிகாலை ஜெபம் தவறவில்லை, வேதவாசிப்பு தவறவில்லை, வேலையில்தான் மனம் செல்லவில்லை. அம்மா அழுகிறார்கள், அப்பா இதைப்பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். உங்கள் சபை ஆயர் "பொறுங்கள், பார்க்கலாம்" என்கிறார். களியக்காவிளைப் பக்கம் தனிச்சபை நடத்தும் ஒரு பாஸ்டரோ, "ஆவியானவர் அழைத்த பிறகு காலேஜ் எதற்கு? அடுத்த மாதமே வாருங்கள், கைவைத்து ஜெபித்து அனுப்புகிறேன்" என்கிறார். இது மெய்யான அழைப்புதானா, இறையியல் படித்தே ஆகவேண்டுமா, படித்தால் தமிழிலா மலையாளத்திலா, கடைசியில் அழைப்பு இல்லை என்று தெரிந்தால் தேவனுக்குச் செய்த பொருத்தனையை (நேர்ச்சையை) மீறிய பாவம் சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இருபுறமும் ஆயராக இருந்து ஓய்வுபெற்றவன். ஊழியத்துக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களை நேர்காணும் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். சி.எஸ்.ஐ. நடைமுறையை மனதில் வைத்தே எழுதுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையில் வழி வேறு: குருமடத்தில் தத்துவமும் இறையியலுமாகப் பல ஆண்டுகள் தங்கிப் படிக்கவேண்டும், திருமணம் இல்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆனால் அழைப்பைச் சோதித்துப் பார்ப்பதைப்பற்றி நான் சொல்லப்போவது ஏறத்தாழ எல்லாருக்கும் பொருந்தும்.

உங்களுக்குப் பக்தி இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பக்தி வேறு, போதக ஊழியத்துக்கான அழைப்பு வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதால்தான் நல்ல பிள்ளைகள் பலர் தவறான இடத்தில் போய் உட்கார்ந்து, பத்து ஆண்டுகளில் பக்தியையும் இழந்து ஊழியத்தையும் வெறுத்துவிடுகிறார்கள். தேவனை அறிய வேண்டும், அவரோடு அதிக நேரம் இருக்க வேண்டும் என்ற ஏக்கம் எல்லா விசுவாசிகளுக்கும் உரியது. ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கும், அரசு பஸ் ஓட்டுகிறவருக்கும், வீட்டில் மரச்சீனி அவிக்கிற அம்மாவுக்கும் அது உண்டு. அந்த ஏக்கம் வந்தவுடன் "நான் ஆயராக வேண்டும்" என்று முடிவுகட்டுவது, ஆயர்தான் முழுக் கிறிஸ்தவர், மற்றவர்கள் அரைக் கிறிஸ்தவர்கள் என்ற எண்ணத்திலிருந்து பிறக்கிறது. நம் கன்வென்ஷன் பிரசங்கங்களில் சில அந்த எண்ணத்தை ஊட்டி வளர்க்கின்றன என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

உங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லாத நட்டாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் பத்மநாபபுரத்தில் அரண்மனை அலுவல் பார்த்தவர். டச்சுத் தளபதி டிலனாயின் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் குருவானவர் இல்லை. துறவியும் இல்லை. மனைவியோடு வாழ்ந்த ஓர் உத்தியோகஸ்தர். நம் மண்ணில் கிறிஸ்தவ பக்தியின் உச்சம் என்று கைகாட்டப்படுகிற மனிதர் ஒருநாளும் பலிபீடத்தின் பின்னால் நின்றதில்லை என்பதை, பிரசங்க பீடத்தில் ஏறினால்தான் ஒப்புக்கொடுத்தது முழுமையாகும் என்று நினைக்கிற எவரும் யோசித்துப் பார்க்கவேண்டும்.

அப்படியானால் போதகருக்கான அழைப்பு எது? தேவனிடத்தில் உள்ள பக்தி, குறிப்பிட்ட ஒரு கூட்டம் மனிதர்களைச் சுமக்கிற பொறுப்பாக மாறுகிற இடத்தில்தான் அது தொடங்குகிறது. மனிதர்கள் என்று சொல்லும்போது, பாடல் நேரத்தில் கண்ணீர் விடுகிற சபையை மட்டும் நான் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை என்று சண்டைக்கு வருகிறவர், கமிட்டித் தேர்தலில் தோற்றுவிட்டு ஆறு மாதம் ஆலயத்துக்கு வராதவர், அறுப்பின் பண்டிகை அன்று காணிக்கையாக வந்த மட்டிப்பழக் குலையை ஏலத்தில் தன் மைத்துனன் எடுத்துவிடக்கூடாது என்பதற்காகவே விலையை ஏற்றிக்கொண்டு போகிறவர், இவர்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் அடக்கம். இவர்களைக் கண்டு எரிச்சல் வருவது இயல்பு. எரிச்சல் வந்த பிறகும் மறுநாள் அவர் வீட்டுப் படியேற மனம் வருகிறதா என்பதுதான் சோதனை.

சாமுவேலுக்கு வந்த அழைப்பை நினைவுபடுத்துகிறேன். பையன் சத்தத்தைக் கேட்கிறான், கேட்டது மெய். ஆனால் யார் கூப்பிடுகிறார் என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று முறை எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். மூன்றாம் முறைதான் கிழவருக்கே விளங்குகிறது, "சொல்லும் கர்த்தாவே, அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லும்படி அனுப்புகிறார். இதில் நான் கவனிக்கச் சொல்வது, ஏலி அப்போது கண் மங்கியவர், தன் பிள்ளைகளை அடக்கத் தெரியாதவர், சொல்லப்போனால் தோற்றுப்போன ஆசாரியர். அப்படியிருந்தும் அழைப்பை அடையாளம் காட்டும் வேலை அவருக்கே கொடுக்கப்பட்டது. உங்கள் ஆயரிடம் குறை இருக்கலாம்; உங்கள் கடிதத்தில் அந்தத் தொனி தெரிகிறது. ஆனாலும் உங்களுக்குள் கேட்கிற சத்தத்தை உங்களுக்கு வெளியே இருக்கிற ஒருவர், உங்களைக் குழந்தையிலிருந்து பார்த்த ஒரு சபை, ஆம் என்று சொல்லவேண்டும். சி.எஸ்.ஐ. அருட்பொழிவு ஆராதனையில், அதாவது ஒருவரை ஆயராக ஏற்படுத்தும் ஆராதனையில், பேராயர் (பிஷப்) கைவைக்கும் முன், இவர்கள் இந்த ஊழியத்துக்குத் தகுதியானவர்கள் என்று நம்புகிறீர்களா என்று கூடியிருக்கும் மக்களிடம் கேட்பது வெறும் சடங்கு இல்லை.

அந்தச் சபை எதைப் பார்த்து ஆம் என்று சொல்லும்? பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். கண்காணிப்பை, அதாவது சபையை மேய்க்கும் பொறுப்பை, விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்றுதான் அது தொடங்குகிறது, ஆசைப்படுவது தவறில்லை. அடுத்து வருகிற தகுதிகளைப் பாருங்கள்: ஜாக்கிரதை, தெளிந்த புத்தி, அந்நியரை உபசரித்தல், பொறுமை, சண்டை செய்யாமை, பண ஆசை இல்லாமை, தன் வீட்டை நன்றாக நடத்துதல், வெளியாட்களிடத்தில் நற்சாட்சி. இத்தனைக்கும் நடுவே திறமை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று, போதக சமர்த்து. மற்றவை எல்லாம் குணம். நேர்காணலுக்கு வருகிற பிள்ளைகள் அநேகமாகத் தங்கள் பேச்சுத்திறனையும் பாட்டுத்திறனையும் காட்டத்தான் ஆயத்தமாகி வருகிறார்கள். நானோ, "உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் உங்களைப்பற்றி என்ன சொல்லும்?" என்று கேட்பேன். அந்தக் கேள்விக்குச் சிலருக்கு வியர்த்துவிடும்.

இனி படிப்பு. தனிச்சபைப் பாஸ்டர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். தென் திருவிதாங்கூரில் புரொட்டஸ்டண்ட் சபை தொடங்கியதே கல்லூரி முகம் காணாத ஒருவரால்தான். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சிதம்பரத்துக்குத் தீர்த்தயாத்திரை போனவர், தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு வேதமாணிக்கம் என்று ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பி, தன் உறவினர்களுக்குப் போதித்து, ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்த பிறகுதான் மிஷனரியைத் தேடிப் போனார். அவர் அழைப்பின்பேரில்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். வந்தவரும் விசித்திரமான ஆள்: ஏழைக் குடிசைபோன்ற இருப்பிடம், நைந்துபோன உடை, கையில் வந்த சம்பளம் வந்த வேகத்திலேயே தேவையுள்ளவர்களுக்குப் போய்விடும். 1816இல் உடல் நலிந்து அவர் ஊரைவிட்டுப் போனபோது சபைகளை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வந்து பொறுப்பேற்கும்வரை எதிர்ப்புகளுக்கு நடுவே அந்தச் சபைகளைச் சிதறாமல் காத்தவர் அவரே. பட்டம் இல்லை, கிரேக்கு தெரியாது. ஆனால் ஒன்று: அவர் போய் "எனக்கு அழைப்பு உண்டு, எனக்குக் கைவையுங்கள்" என்று எங்கும் நிற்கவில்லை. வேலை முதலில் நடந்தது, பொறுப்பு பின்னால் அவரைத் தேடி வந்தது.

அதே வரலாற்றின் மறுபாதியையும் பார்க்கவேண்டும். மீட் நாகர்கோவிலை மையமாக்கியபோது, 1819 ஜனவரி 1 அன்று பெரிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதோடு மீட் ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் செமினரியையும் வளர்த்தெடுத்தார். காரணம் எளிது. சபைகள் பெருகின, வாசிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள், ஆர்வம் மட்டும் உள்ளவர்களை அவர்களுக்கு மேல் வைத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பவுலுங்கூட தமஸ்கு வழியில் ஒளியைக் கண்ட மறுவாரமே எருசலேமில் பிரசங்க பீடம் ஏறவில்லை. அரபி தேசத்துக்குப் போய்த் திரும்பினார், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே பேதுருவைப் பார்க்க எருசலேமுக்குப் போனார் என்று கலாத்தியருக்கு அவரே எழுதுகிறார். புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவன் பெருமைகொண்டு விழாதபடி, நூதன சீஷனாயிருக்கக்கூடாது என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவரும் அவர்தான். அடுத்த மாதமே கைவைக்கத் தயாராக இருக்கும் ஒருவர் உங்களை நேசிக்கிறாரா, தம் கிளைச்சபைக்கு ஆள் தேடுகிறாரா என்பதை நீங்களே நிதானிக்கலாம். அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? நான் தவறு செய்தால் என்னைத் திருத்த அதிகாரம் உள்ளவர் யார்? இரண்டுக்கும் "தேவன் பார்த்துக்கொள்வார்" என்பதே பதிலாக இருந்தால் விலகி நில்லுங்கள். மாமன்றங்களும் கமிட்டிகளும் நிறைந்த நம் சபையிலும் பண விவகாரமும் பதவிச் சண்டையும் வழக்கு நீதிமன்றம்வரை போனதும் உண்டு; ஆனால் இங்கே கேள்வி கேட்க ஓர் இடமாவது இருக்கிறது.

நடைமுறை இதுதான். உங்கள் சபையும் ஆயரும் பரிந்துரைத்து, பேராயம் (பிஷப்பின் கீழுள்ள மறைமாவட்டம்) நேர்காணல் நடத்தி உங்களை வேட்பாளராக ஏற்கவேண்டும். பல பேராயங்களில் படிப்புக்கு முன்போ பின்போ ஒரு கிளைச்சபையில் உபதேசியாராகவோ பயிற்சி ஊழியராகவோ சில காலம் வைத்துப் பார்க்கிறார்கள். கேரளப் பக்கம் சபை சுஷ்ருஷகர் என்பார்கள். பி.டி. என்ற இறையியல் பட்டம் பட்டதாரிகளுக்கு நான்கு ஆண்டு. பட்டத்தைச் செராம்பூர் கல்லூரி வழங்குகிறது. 1818இல் வில்லியம் கேரியும் நண்பர்களும் தொடங்கிய கல்லூரி அது, பட்டம் வழங்கும் உரிமை 1827இல் டென்மார்க் அரசர் தந்த சாசனத்தால் வந்தது. படித்து முடித்தபின் முதலில் டீக்கன் என்னும் உதவி ஊழியர், அதன்பின் ஆயர் என்று இரண்டு அருட்பொழிவுகள். பெண்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது; உங்கள் தங்கை கேட்டால் சொல்லுங்கள். நம் திருச்சபையின் முதல் பெண் பேராயர் 2013இல் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்தில் பொறுப்பேற்றார். ஆயராகிவிட்டால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும், சம்பளம் பேராயத்திலிருந்து வரும், அது உங்கள் இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இதை அப்பாவிடம் மறைக்காதீர்கள்.

தமிழா மலையாளமா என்ற கேள்வியை நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தில் அதுதான் கனமான கேள்வியாகப் பட்டது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஒரே பேராயமாக இருந்த பகுதி, 1959இல் கன்னியாகுமரி என்றும் தென் கேரளம் என்றும் இரண்டாயிற்று. எல்லைக்கோடு பூமியின்மேல் போட்டது. வீடுகளுக்குள் அது இன்னும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தமிழில் ஞானஸ்நானம் பெற்ற பாட்டிக்கு மலையாளத்தில் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பேரன் என்பது உங்கள் பக்கத்துச் சபைகளில் சாதாரணம்.

பாறசாலைக்கு அப்பால் ஒரு வீட்டில் நான் வீட்டுத் திருவிருந்து கொடுக்கப் போவது வழக்கம். படுக்கையில் இருந்த அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது, நினைவும் வந்து வந்து போகும். என்னை ஒருநாள் ஆயர் என்பார், மறுநாள் இறந்துபோன தன் அண்ணன் என்று எண்ணி "சாப்பிட்டியா அண்ணே" என்பார். மருமகள் மலையாளத்தில் பேசுவாள், பேரப்பிள்ளைகள் என்னை அச்சன் என்று கூப்பிடுவார்கள். மலையாள ஒழுங்கில் ஆராதனையைத் தொடங்கினால் அம்மா முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். தலைமாட்டில் அட்டை பிரிந்து நூல் தொங்கும் பழைய தமிழ் வேதாகமம் இருந்தது. அதை எடுத்து 23ஆம் சங்கீதத்தைத் தொடங்கினேன். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று நான் சொல்லி மூச்சு வாங்குவதற்குள், "நான் தாழ்ச்சியடையேன்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. கடைசி வசனம்வரை ஒரு சொல் பிசகவில்லை. பேரன் தன் மலையாள வேதாகமத்தை எடுத்துவந்து அதே சங்கீதத்தில் விரலை வைத்துக்கொண்டு பாட்டி சொல்வதைப் பின்தொடர்ந்தான். அதற்குப்பின் அந்த வீட்டில் நான் அப்பத்தைத் தமிழில் ஆசீர்வதித்து, அறிவுரையை மலையாளத்தில் சொல்லி, ஜெபத்தை இரண்டிலும் செய்தேன். ஒழுங்குப் புத்தகம் இதற்கு இடம் தருகிறதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆகவே என் யோசனை இது. பேச்சில் மலையாளம் உங்களுக்குச் சரளம், பள்ளிப்படிப்பும் அதில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் வாசிக்க வரும், எழுதத் தடுமாறும். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தமிழில் சிந்தித்துத் தமிழில் பிரசங்கிக்கும் பழக்கம் உறுதிப்படும். திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் 1943 முதல் இருக்கும் கேரள ஐக்கிய இறையியல் கல்லூரி உங்கள் வீட்டிலிருந்து எட்டிய தூரம், அங்கே கேரளச் சபைகளின் சூழல் கிடைக்கும். எங்கே அனுப்புவது என்பதைப் பேராயம்தான் தீர்மானிக்கும். பேராயம் உங்கள் விருப்பத்தைக் கேட்டால், மதுரை என்று சொல்லுங்கள் என்பேன். பாட்டிமார் போய்விடுவார்கள், பிறகு தமிழ் எதற்கு என்று உங்கள் சபையிலேயே சிலர் சொல்வார்கள். ஆனால் இந்தப் பகுதியின் கீர்த்தனைகளையும் பழைய சபைப் பதிவேடுகளையும் கல்லறைக் கல்வெட்டுகளையும் வாசிக்கத் தெரிந்த ஓர் ஆயர் எல்லைக்கு இருபுறமும் தேவைப்படுவார். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் மற்ற மொழியைக் கைவிடாதீர்கள்.

கல்லூரிக்குப் போவதற்கு முன்பே அழைப்பைச் சோதிக்க உங்களுக்கு அருமையான இடம் ஒன்று கையருகில் இருக்கிறது, நீங்கள் தினமும் அதன் வழியாகவே போய்வருவீர்கள். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜும், அந்த வளாகத்திலேயே உள்ள ஆர்.சி.சி. என்னும் புற்றுநோய் மையமும். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே வருகின்றன. எந்த வரிசையில் நிற்பது, எந்த அறைக்கு எந்தச் சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவு எங்கே கிடைக்கும் என்று பலகையை வாசிக்கத் தெரியாமல், நெகிழிப் பையில் ரிப்போர்ட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கஞ்சி ஃபிளாஸ்கைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விடுமுறை கிடைக்கும் வேலைநாட்களில் அங்கே போங்கள். பிரசங்கம் பண்ணப் போகாதீர்கள்; கைப்பிரதி கொண்டுபோகாதீர்கள். எந்த மதத்தார் என்று பார்க்காமல் பலகையை வாசித்துச் சொல்லுங்கள், மருந்துச் சீட்டை விளக்குங்கள், வரிசையில் இடம்பிடித்து நில்லுங்கள். யாராவது ஜெபிக்கச் சொன்னால் சுருக்கமாக ஜெபியுங்கள். சில மாதங்கள் இப்படிச் செய்த பிறகும் போக மனம் இழுக்கிறதா, அல்லது மேடையும் மைக்கும் இல்லாததால் சலித்துவிட்டதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். உங்கள் ஆயர் நோயாளிகளைச் சந்திக்கப் போகும்போது உடன் வரலாமா என்று கேளுங்கள். அடக்க ஆராதனைகளுக்குப் போங்கள், குழி மூடும்வரை நில்லுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் யாரும் எடுக்க விரும்பாத வகுப்பை, அதாவது குரல் உடைந்து மீசை அரும்பும் பையன்களின் வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த இடத்தில் பக்தியைப்பற்றி மீண்டும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் போதகரானபின் முதலில் அடிவாங்குவது அதுதான். இப்போது நீங்கள் வேதத்தைப் படிப்பது உங்கள் ஆத்துமாவுக்காக. ஆயரானதும் ஞாயிறு பிரசங்கத்துக்காக, புதன் வேதபாடத்துக்காக, வெள்ளி உபவாச ஜெபத்துக்காகப் படிக்கத் தொடங்குவீர்கள். வசனத்தைக் கண்டதும் "இதை எங்கே சொல்லலாம்" என்றே மனம் ஓடும். நூறு வீட்டில் ஜெபித்துவிட்டுத் தன் வீட்டில் ஜெபிக்க நாக்கு எழாத நாட்கள் வரும். பந்தியில் எல்லாருக்கும் பரிமாறுகிறவன் பசியோடு எழுந்துபோவதைப்போல் ஆகிவிடும். இதற்குப் பழைய ஆயர்கள் கைக்கொண்ட வழி, பிரசங்கத்தோடு சம்பந்தமில்லாத ஒரு வாசிப்பைக் காலையில் வைத்துக்கொள்வது. நாளுக்கு ஐந்து சங்கீதம் என்று வாசித்தால் 150 சங்கீதமும் மாதம் ஒருமுறை முடிந்துவிடும். அதில் சபிக்கிற சங்கீதம் வரும், அழுகிற சங்கீதம் வரும், அன்றைய உங்கள் மனநிலைக்குப் பொருந்தாதவையும் வரும். பொருந்தாதபோதும் வாசிப்பதில்தான் பயன். கூட்டத்தின் அனலில் வந்த பக்தி இந்த ஒழுங்குக்குள் வந்து நிலைக்கிறதா என்பதை இன்றிலிருந்தே பார்க்கலாம். கன்வென்ஷன் முடிந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு முழு வருடம் கழித்து, இசைக்குழுவும் பந்தலும் இல்லாத சாதாரண வியாழக்கிழமைக் காலையிலும் அந்த ஆசை அப்படியே இருந்தால், நான் அதை மதிப்பேன்.

வேலையை இப்போது விடாதீர்கள். அந்த அலுவலகத்தில் மனம் செல்லவில்லை என்று எழுதியதை நான் அழைப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுத்துப்போன வேலையிலிருந்து தப்பிக்க ஊழியம் ஒரு மரியாதையான வாசல் என்பதால் அதில் நுழைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கை ஒழுங்காக எழுதிக் கொடுங்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆயரை எந்தச் சபைக் கமிட்டியும் ஏமாற்ற முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பாவின் எதிர்ப்பை விசுவாசத்துக்கு எதிரான எதிர்ப்பு என்று பார்க்காதீர்கள். அம்மாவின் அழுகைக்குள் உங்கள் திருமணம் இருக்கிறது. ஆயருக்குப் பெண் கொடுப்பார்களா, வருகிறவள் இடமாற்றத்துக்கெல்லாம் ஈடுகொடுப்பாளா என்ற கவலை. அப்பாவின் மௌனத்துக்குள் வீட்டுக்கடன் இருக்கும் என்று நினைக்கிறேன், நீங்கள் எழுதவில்லை என்றாலும். தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எப்படி நடத்துவான் என்று அதே தீமோத்தேயு நிருபம் கேட்கிறது. கடன் எவ்வளவு, நீங்கள் படிக்கும் நான்கு ஆண்டும் யார் கட்டுவது என்று அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். வேதவசனம் சொல்லி அவரை மடக்காதீர்கள்.

கடைசியாகப் பொருத்தனை. பேராயம் உங்களை எடுத்துக்கொள்ளாவிட்டால், அல்லது ஒரு வருடம் கழித்து இது என் வழி இல்லை என்று உங்களுக்கே தெளிந்தால், பாவம் சேருமா என்று கேட்டீர்கள். சேராது. தாவீது தேவனுக்கு ஆலயம் கட்ட விரும்பினான். நாத்தான் தீர்க்கதரிசியே முதலில், போய்ச் செய்யும் என்று சொல்லிவிட்டான். அன்று இரவே கர்த்தர் அதைத் திருத்தினார், நீ கட்டவேண்டாம், உன் குமாரன் கட்டுவான் என்று. தீர்க்கதரிசிக்கே அவசரத்தில் தவறியிருக்கிறது என்பதைக் களியக்காவிளைப் பாஸ்டரும் கவனிக்கலாம். ஆனால் அந்த விருப்பம் உன் மனதில் இருந்தது நல்ல காரியந்தான் என்று கர்த்தர் தாவீதுக்குச் சொன்னதைச் சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டை நாளில் நினைவுகூருகிறான். தாவீதும் வருத்தப்பட்டு மூலையில் உட்காரவில்லை. பொன்னும் வெள்ளியும் கேதுரு மரமும் சேர்த்துவைத்துவிட்டுப் போனான். நீங்கள் எழுந்து நின்றது உங்களைத் தேவனுக்குக் கொடுக்க. எந்த வேலையில் அவர் உங்களை வைப்பார் என்பதை அந்தச் செய்தியாளர் முடிவுசெய்யவும் இல்லை, முடிவுசெய்யவும் முடியாது.

அடுத்த முறை உங்கள் ஆயரைப் பார்க்கும்போது, கூட்டத்தில் நடந்ததை மறுபடியும் விவரிக்காமல், நீங்கள் மருத்துவமனைக்குப் போனதையும் பையன்களின் வகுப்பு எப்படிப் போகிறது என்பதையும் சொல்லுங்கள். அவர் மறுபடியும் "பொறுங்கள்" என்றால், மரியாதையோடு ஒன்று கேளுங்கள்: "என்னிடத்தில் எதைப் பார்ப்பதற்காக ஐயா பொறுக்கச் சொல்கிறீர்கள்?" அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பேராய விண்ணப்பத்துக்கு ஞானஸ்நானம், திடப்படுத்தல் சான்றுகள் தேவைப்படும். உங்கள் சபைப் பதிவேட்டில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லைப் பக்கத்துப் பழைய பதிவேடுகளில் ஒரே குடும்பத்தின் பெயரைத் தமிழில் ஒருவிதமாகவும் மலையாளத்தில் வேறுவிதமாகவும் எழுதிவைத்திருப்பார்கள், அதைத் திருத்த நாள் எடுக்கும்.